முதலாளி இல்லாத அச்சகம்

உங்கள் இல்லத்தில் கடைசியாக நடந்த நிக்காஹ்வின் அழைப்பிதழ் ஒன்று அலமாரியின் மூலையில் கிடக்கும். அதைச் சற்றுக் கையில் எடுத்துப் பாருங்கள். தடித்த அட்டை, பளபளக்கும் பூச்சு, பொன்னிற எழுத்து. மணமக்களின் பெயர்களை எத்தனை முறை சரி பார்த்திருப்பீர்கள்! ஆனால் அதை அச்சிட்ட கரம் யாருடையது, அக்கரம் எந்நிலையில் இருக்கிறது என்று எண்ணியதுண்டா? நானும் எண்ணியதில்லை, சென்ற ஆண்டு வெள்ளானூருக்குப் போகும் வரை.

ஆவடிக்கு வடக்கே உள்ள ஊர் வெள்ளானூர். ஒரு காலத்தில் வயலும் ஏரியுமாக இருந்த அப்பகுதியில் இன்று கல்லூரிகளும் வீட்டு மனைகளும் நிறைந்துள்ளன. உறவினர் வீட்டுத் திருமண அழைப்பிதழை அங்குள்ள ஒரு சிறிய அச்சகத்தில் கொடுத்திருந்தோம். இரண்டு மினி ஆப்செட் இயந்திரங்கள், ஒரு கட்டிங் மிஷின், பைண்டிங்குக்கு ஒரு நீண்ட மேசை. மாணவர்களின் பிராஜக்ட் பைண்டிங், கடைகளுக்கு பில் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளிவாசல் ரசீது என எல்லா வேலையும் அங்கே நடக்கும். வேலை செய்வோர் ஏழு பேர். அவர்களுள் மூவர் பெண்கள்.

நான் போன நேரத்தில் ஒரு நிறம் முடிந்து அடுத்த நிறத்துக்காக இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார் மிஷின் மைண்டர். ஐம்பது வயதை நெருங்கியவர். மண்ணெண்ணெயும் தின்னரும் கலந்த பாட்டிலைத் துணியில் கவிழ்த்து, வெறுங்கையால் உருளையையும் பிளாங்கெட்டையும் துடைத்தார். விரல் நுனிகள் வெளுத்து வெடித்திருந்தன. வாசலில் நின்ற எனக்கே தலை சுற்றியது. “பழகிப்போச்சு பாய்” என்றார்.

அழைப்பிதழ் தயாரான அன்றுதான் மற்றொரு செய்தியும் தெரிந்தது. முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் இத்தொழிலுக்கு வரவில்லை, அச்சகத்தை மூடிவிட்டு இயந்திரங்களை விற்றுவிடப் போகிறார். ஏழு குடும்பங்களின் அடுப்பு அந்த இரண்டு இயந்திரங்களை நம்பியே எரிகிறது. “நாங்களே சேர்ந்து எடுத்து நடத்தினால் என்ன பாய்? அப்படி எங்கேயாவது நடந்திருக்கிறதா?” என்று மைண்டர் கேட்டார். பைண்டிங் மேசையில் தாள் மடித்துக்கொண்டிருந்த பெண்மணி தலை நிமிராமலே, “எடுத்து நடத்தினாலும் இந்த நாற்றத்தோடுதான் நடத்தணுமா?” என்றார்.

இரண்டு கேள்விகளுக்கும் அன்று என்னிடம் விடையில்லை. பின்னர் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை அவர்களுக்குச் சொன்னேன். அவற்றையே இங்கு உங்களுக்கும் எழுதுகிறேன். பெண்மணியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உயிர் சம்பந்தப்பட்டது அதுதான்.

ஒசாகாவில் நடந்தது

ஜப்பானின் ஒசாகா நகரில் ஓர் அச்சகம். வண்ண ஆப்செட் வேலைக்கு முன் மாதிரித் தாள் எடுப்பதே அங்கு முக்கியப் பணி. மாதிரித் தாள் எடுக்கும்போது ஓரிரு பிரதிகளுக்கு ஒருமுறை நிறம் மாற்ற வேண்டியிருக்கும். அதனால் நாள் முழுவதும் பிளாங்கெட்டைக் கழுவியபடியே இருக்க வேண்டும். காற்றோட்டம் போதாத அறையில், விரைவில் ஆவியாகும் கரைப்பான்களைக் கொண்டு இளைஞர்கள் கழுவினார்கள். 2012ஆம் ஆண்டு வெளியான செய்தி ஜப்பானையே உலுக்கியது. முதியவர்களையே பெரும்பாலும் தாக்கும் பித்தநாளப் புற்றுநோய், அந்த ஒரே அச்சகத்தில் பணியாற்றிய இளம் வயதினர் பலரைப் பீடித்திருந்தது. பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை பின்னர் 17 ஆயிற்று, பலர் மாண்டனர். 1,2-டைகுளோரோபுரோப்பேன் என்ற கரைப்பானே காரணம் என ஆய்வுகள் காட்டின. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2014இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

வெள்ளானூர் மைண்டரின் பாட்டிலில் இருப்பது அதே கரைப்பான் என்று நான் கூறவில்லை. ஆனால் அவர் பாட்டிலில் என்ன இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். கடையில் ‘வாஷ்’ என்று கேட்டால் டின்னில் ஊற்றித் தருகிறார்கள். மேலே பெயர்ச்சீட்டு இல்லை. ஒசாகா இளைஞர்களும் தாம் எதைச் சுவாசிக்கிறோம் என்று அறிந்திருக்கவில்லை.

மாற்று வழி இல்லையா? உண்டு. அது புதியதுமன்று. டென்மார்க் நாட்டு அச்சகங்களில் 1980களின் இறுதியிலேயே தாவர எண்ணெய்களிலிருந்து செய்த எஸ்டர்களைக் கொண்டு இயந்திரம் கழுவத் தொடங்கிவிட்டனர். தேங்காய் எண்ணெய், கடுகினத்தைச் சேர்ந்த ரேப் விதை எண்ணெய் போன்றவற்றிலிருந்து பெறுபவை அவை. எளிதில் ஆவியாவதில்லை, ஆகவே மூச்சில் ஏறுவதுமில்லை. எளிதில் தீப்பற்றுவதும் இல்லை. ஆவியாகி வீணாகாததால் அளவும் குறைவாகவே செலவாகும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். இது தானாக உலராது. துடைத்த பின் ஈரத்துணியால் மறுமுறை துடைத்தாக வேண்டும். அவசர வேலையில் அந்தச் சில நிமிடங்கள் மைண்டருக்குக் கசக்கும். சில வகை ரப்பர் உருளைகள் எண்ணெய் பட்டு உப்பிப் போவதும் உண்டு. ஆகையால் ஓர் உருளையில் சோதித்த பிறகே மற்றவற்றுக்குப் போக வேண்டும். இன்னொன்று மிக முக்கியம். தாவர எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால், சில எண்ணெய்கள் காற்றோடு கலந்து தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். மூடியுள்ள இரும்பு டின்னில் நீர் ஊற்றி அதில்தான் போட வேண்டும். தாள் குவிந்து கிடக்கும் இடத்தில் இது விளையாட்டுக் காரியமன்று.

கழுவும் திரவத்துக்கு அடுத்தது ஈரமூட்டும் நீர். ஆப்செட் முறையின் அடிப்படையே எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பதுதான். பிளேட்டில் எழுத்துள்ள இடம் மையைப் பிடிக்கும், மற்ற இடம் நீரைப் பிடிக்கும். அந்நீர் சீராகப் பரவுவதற்காக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சேர்ப்பது பல அச்சகங்களில் வழக்கம். நம் சென்னைக் கோடையில் அது பிளேட்டுக்குப் போவதைவிடக் காற்றில் போவதே அதிகம்! காசு கரைகிறது, கண் எரிகிறது. உருளைகளைச் சரியான அழுத்தத்தில் பொருத்தி, நீரின் அமிலத்தன்மையை அளந்து பார்த்து, மாற்றுக் கலவை சேர்த்தால் ஆல்கஹாலை வெகுவாகக் குறைக்கலாம், விட்டுவிடவும் கூடும். இதற்குத் தேவைப்படுவது பொறுமைதான். கூலிக்கு நிற்பவரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்ப்பதைவிட, இயந்திரம் தன்னுடையது என்று எண்ணுபவரிடம் எதிர்பார்ப்பது எளிது என்பது என் கருத்து.

மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970களில் கச்சா எண்ணெய் விலை ஏறியபோது அமெரிக்கச் செய்தித்தாள் நிறுவனங்கள் மாற்று தேடின. 1987இல் அயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸ் நகர நாளிதழ் ஒன்று சோயா எண்ணெய் மையில் அச்சேறியது. இன்று தாவர எண்ணெய் மைகள் பரவலாகக் கிடைக்கின்றன. ஆனால் ‘சோயா மை’ என்று டின்னில் எழுதியிருந்தால் முழுதும் சோயா என்று பொருளன்று. பெட்ரோலிய எண்ணெய் ஒரு பங்கு கலந்திருக்கலாம். கேட்டு வாங்க வேண்டும். மழைக்காலத்தில் இம்மை உலரச் சற்றுத் தாமதமாகும் என்பதையும் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சகோதரிகளே, இங்கே உங்களுக்கும் ஒரு செய்தி உண்டு. வடை, பஜ்ஜியைச் செய்தித்தாளில் வைத்து எண்ணெய் ஒற்றி எடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. அச்சு மை உணவில் இறங்கும் என்பதால், உணவைப் பொதியவோ வைக்கவோ செய்தித்தாளைப் பயன்படுத்தக் கூடாதென்று 2018இல் வகுக்கப்பட்ட இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளே கூறுகின்றன. 2019 ஜூலை முதல் அவை நடைமுறையில் உள்ளன.

தாளின் கதை

அச்சகத்தில் காசை அதிகம் விழுங்குவதும், சுற்றுச்சூழலை அதிகம் தொடுவதும் தாள்தான். தமிழில் காகிதம் என்கிறோம். பாரசீகத்தின் ‘காகஸ்’ என்ற சொல்லோடு உறவுடையது அது. தாள் கட்டை ‘ரீம்’ என்கிறோமே, அது ஆங்கிலச் சொல்லாக வந்தாலும் அதன் வேர் ‘ரிஸ்மா’ என்ற அரபுச் சொல்லில் இருக்கிறது. கட்டு, மூட்டை என்பது அதன் பொருள். எட்டாம் நூற்றாண்டில் சமர்கந்திலும் பாக்தாதிலும் தாள் செய்யும் தொழில் வேரூன்றி, அங்கிருந்து மேற்கே பரவியது.

அந்தத் தாள் மரத்தை வெட்டிச் செய்யப்பட்டதன்று. கந்தல் துணியிலும் சணலிலும் செய்யப்பட்டது. இந்தியாவில் அக்கலையைக் கைவிடாமல் காத்தவர்கள் ‘காகஜி’ எனப்படும் முஸ்லிம் குடும்பத்தினர். ஜெய்ப்பூர் அருகே சாங்கானேரிலும், தௌலதாபாத் பக்கம் காகஜிபுராவிலும் தொழிலின் பெயரே அவர்கள் பெயராயிற்று. ஆலைத் தாள் வந்து அவர்கள் நலிந்தபோது கைதூக்கி விட்டவர்களுள் ஒருவர் தஞ்சாவூரில் பிறந்த தமிழரான ஜே.சி. குமரப்பா. 1934இல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர் அவர். சாங்கானேரில் உள்ள கைத்தாள் ஆய்வு நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எல்லா வேலைக்கும் கைத்தாள் கட்டாது. பில் புத்தகத்துக்குக் கைத்தாள் போட்டால் கடைக்காரர் சிரிப்பார். ஆனால் தமிழ்நாட்டிலேயே வேறொரு நல்வழி இருக்கிறது. கரூர் அருகே காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறது. 1979இல் நிறுவப்பட்டு 1984இல் உற்பத்தி தொடங்கிய அரசு நிறுவனம் அது. சர்க்கரை ஆலைகள் சக்கையைத் தம் கொதிகலனிலேயே எரித்து வந்தன. அவற்றுக்கு மாற்று எரிபொருள் தந்து சக்கையைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அத்தாளில் அச்சிடுவதற்குத் தனித்திறன் எதுவும் வேண்டியதில்லை. தாள் கடையில் பெயர் சொல்லிக் கேட்டால் போதும்.

அதைவிடவும் எளியது, வீணைக் குறைப்பது. டெம்மி, கிரவுன் என்று தாளுக்கு அளவுகள் உண்டல்லவா? வாடிக்கையாளர் தம் விருப்பத்துக்கு ஓர் அளவைச் சொல்ல, அச்சகத்தார் தலையாட்ட, கட்டிங் மிஷின் அடியில் கை அகலத் துண்டுகள் மலைபோல் குவிகின்றன. அவை எடைக்குப் போகின்றன. விலையோ உங்கள் பில்லில் ஏறுகிறது. அரை அங்குலம் விட்டுக்கொடுத்தால் அந்தத் துண்டே விழாது. வெள்ளானூர் கட்டிங் மிஷின்காரர் இதை எனக்குச் செய்து காட்டினார். முப்பது ஆண்டு அனுபவத்தில் தம்மிடம் யாரும் இதைக் கேட்டதில்லை என்றும் சொன்னார்.

அழைப்பிதழின் பளபளப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பிளாஸ்டிக் படலம். அது ஒட்டிய அட்டை எளிதில் மறுசுழற்சிக்குப் போகாது. நம்மவர் இல்லங்களில் இதனால் இன்னொரு சங்கடமும் உண்டு. ‘பிஸ்மில்லாஹ்’ அச்சிட்ட அட்டையைக் குப்பையில் போட மனம் வராது. ஆண்டுக்கணக்கில் அலமாரியில் அடுக்கி வைத்துத் தவிப்போம். படலமில்லாத தாளாக இருந்தால் நீரில் ஊறவைத்த சில நாளில் கூழாகி எழுத்தே கரைந்துவிடும். அடுத்த நிக்காஹ்வுக்கு அச்சகத்தில் ‘லேமினேஷன் வேண்டாம்’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், செலவும் குறையும்.

எங்கேயாவது நடந்திருக்கிறதா?

இனி மைண்டரின் கேள்விக்கு வருவோம். நடந்திருக்கிறது, நடந்துகொண்டும் இருக்கிறது.

இங்கிலாந்தின் லண்டனில் ‘கால்வெர்ட்ஸ்’ என்றோர் அச்சகம். 1977இல் வேலையிழந்த தொழிலாளர் சிலர் கூடித் தொடங்கியது. பதினேழாம் நூற்றாண்டில் துணிவான நூல்களை வெளியிட்ட ஜைல்ஸ் கால்வெர்ட் என்பவரின் பெயரைத் தங்கள் அச்சகத்துக்குச் சூட்டினர். வடிவமைப்பவர், இயந்திரம் ஓட்டுபவர், கணக்கெழுதுபவர் யாவரும் அங்கு உறுப்பினர். யாவர்க்கும் ஒரே ஊதிய விகிதம். சுற்றுச்சூழலுக்கு ஊறு குறைந்த அச்சு முறையையே தங்கள் அடையாளமாகக் கொண்டனர். அதே நாட்டின் லீட்ஸ் நகரில் 2000இல் தோன்றிய ‘ஃபுட்பிரின்ட்’ இன்னும் எளியது. ஒரு வீட்டின் நிலவறையில், ரிஸோ இயந்திரத்தோடு தொடங்கினார்கள். நம் பள்ளிகளில் வினாத்தாள் எடுக்கும் அதே ரிஸோதான்! சூடேற்றும் வேலை அதில் இல்லாததால் மின்சாரம் குறைவாகவே பிடிக்கும். மறுசுழற்சித் தாளில் துண்டறிக்கையும் சிறு நூலும் அச்சிட்டே அவர்கள் தொழிலை நிலைநாட்டினார்கள்.

எல்லாம் வெற்றிக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1974இல் தொடங்கிய ‘இங்க்வொர்க்ஸ்’ தொழிலாளர் அச்சகம் நாற்பது ஆண்டுகள் நன்றாக நடந்தும், காலமாற்றத்தின் முன் நிற்க இயலாமல் மூடப்பட்டது. அச்சு வேலையே குறைந்துவரும் காலம் இது. நிக்காஹ் அழைப்பு வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறதே!

நம் சென்னையில் இதற்கு மிக அருகில் வருவது ‘தாரா’ பதிப்பகத்தின் கைவினை நூல்களை அச்சிடும் பட்டறை. 1994இல் கீதா வுல்ஃப் தொடங்கிய பதிப்பகம் அது. ஆறுமுகம் என்பவர் தலைமையில் இயங்கும் ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் பட்டறையில், பஞ்சுக் கழிவிலிருந்து செய்த கைத்தாளில் ஒவ்வொரு நிறத்தையும் ஸ்கிரீனில் கையாலேயே இழுத்து அச்சிடுகிறார்கள். கோண்டு ஓவியர் மூவரின் படங்களைக் கறுப்புத் தாளில் அச்சிட்ட ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ என்ற நூல் 2006இல் வெளிவந்து, 2008இல் இத்தாலியின் பொலோன்யா பரிசைப் பெற்றது. சட்டப்படி அது கூட்டுறவுச் சங்கமன்று. எனினும் கைத்தொழிலாளி ஓர் இயந்திர உறுப்பாக அன்றி, கலைஞராக மதிக்கப்படும் இடம்.

தொழிலாளரே உரிமையாளராவது என்றால் அண்டை மாநிலத்தைப் பார்க்க வேண்டும். பீடித் தொழிலாளர் நலச் சட்டத்தை நடைமுறைப்படுத்த மறுத்து முதலாளிகள் 1968இல் வேலையை நிறுத்தியபோது, கண்ணூர்ப் பகுதியில் பன்னிரண்டாயிரம் பேர் தெருவில் நின்றனர். 1969 பிப்ரவரியில் பிறந்தது ‘தினேஷ் பீடி’ கூட்டுறவு. பீடி நல்ல பொருளன்று என்பது வேறு. புகைப்பவர் குறைந்தபோது அவர்கள் அழுதுகொண்டிராமல் உணவுப் பொருள், குடை, ஆடை என்று மாறினார்கள். காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடியபோது ஏ.கே. கோபாலனின் முயற்சியால் 1957 முதல் ஊழியர்களே கூட்டுறவு அமைத்து அவற்றை நடத்தியதும் நீங்கள் அறிந்ததே. இவ்வளவு தூரம் ஏன்? வெள்ளானூர் இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில்தான் 1904இல் தமிழகத்தின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது!

ஏழு பேரும் ஒரு தாளும்

சட்டத்தைப் பற்றி விசாரித்தேன். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்ய ஏழு பேர் போதாது. பதிவானாலும் அரசு அலுவலகங்களின் நிழல் அதன்மேல் விழுந்தபடியே இருக்கும். தேர்தல் இல்லாமல் தனி அலுவலரிடம் சங்கங்கள் கிடந்த காலங்களை நாம் பார்த்திருக்கிறோம். மாற்றாக 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்.எல்.பி. என்ற கூட்டாண்மை அமைக்கலாம். இருவர் இருந்தாலே போதும். அச்சட்டத்தின் முதல் அட்டவணை எனக்கு வியப்பளித்தது. தனி ஒப்பந்தம் எதுவும் எழுதாவிட்டால் ஒவ்வொரு பங்காளிக்கும் ஒரு வாக்கு, இலாபத்திலும் சம பங்கு என்கிறது அது. கூட்டுறவின் உயிர்நாடி அதுதானே!

இயந்திரத்துக்குப் பணம்? வட்டிக் கடனில் இறங்க அவர்களுக்கு விருப்பமில்லை. ஏழு பேரில் முஸ்லிம்கள் இருவர்தாம், ஆனால் வட்டியைக் கண்டு அஞ்சுவதில் ஏழு பேரும் ஒன்றுதான். முதலாளியே இயந்திர விலையை மாதத் தவணையாகப் பெற்றுக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தோம். வெளியார் முதல் போட்டு, இவர்கள் உழைப்புப் போட்டு, இலாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பிரிக்கும் ‘முளாரபா’ முறையையும் பேசினோம். அதில் உழைப்பாளியின் தவறின்றி நட்டம் வந்தால் அது முதல் போட்டவரைச் சேரும் என்று கேட்டதும், முதல் போடலாம் என்றிருந்த நண்பர் ஒருவர் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை!

நான் வலியுறுத்தியது வேறொன்றை. சிறிய அச்சகங்களைக் கொல்வது இயந்திர விலையன்று, பாக்கிதான். தாள் கடைக்கு ரொக்கம். வாடிக்கையாளரோ மூன்று மாதம் கழித்துத் தருவார். பாதி முன்பணம் இல்லாமல் எந்த வேலையையும் தொடக் கூடாது, அது சொந்த மச்சானுடைய வேலையாக இருந்தாலும் சரி. அச்சுத் தொழிலுக்குப் பருவமும் உண்டு. கல்யாண மாதங்களிலும், காலண்டர் காலத்திலும், பள்ளி திறக்கும் ஜூனிலும் பணம் புரளும். ஆடியில் ஈ ஓட்டலாம். புரளும் மாதத்தில் முழுவதையும் பங்கிட்டுவிட்டால், ரோலர் தேய்ந்த மாதத்தில் கடனுக்கு அலைய நேரும். தாமதமாக வரும் பங்காளியை யார் கண்டிப்பது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்கச் சொன்னேன். அதைக் கேட்டதும் எல்லோரும் ஒருவரையே பார்த்துச் சிரித்தார்கள்.

சென்ற வாரம் மீண்டும் போயிருந்தேன். எஸ்டர் கலவை ஒரு டின் வாங்கி ஒரே ஓர் இயந்திரத்தில் சோதிக்கிறார்கள். மற்றது பழைய முறையிலேயே ஓடுகிறது. பைண்டிங் மேசைப் பெண்மணி தம் நாற்காலியைப் புதிய பக்கத்துக்கு மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார். மைண்டர் கையுறை அணிந்திருந்தார். “கைக்கு இது இன்னும் ஒத்துவரலை பாய், தாள் நழுவுது” என்று முணுமுணுத்தாலும் கழற்றவில்லை.

முதலாளி ரமளான் வரை பொறுத்திருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். கல்லாப் பெட்டியின் அடியில் ஒரு தாள் இருக்கிறது. அதில் ஏழு பெயர்கள், ஆறு கையெழுத்துகள். ஏழாமவர் கட்டிங் மிஷின்காரர். மூன்று பெண் மக்களின் தகப்பனார். இரண்டாவது மகளுக்கு இப்போது வரன் பார்க்கிறார். “நட்டம் வந்தால் வீடு போகுமா பாய்?” என்று கேட்டார். எல்.எல்.பி.யில் போட்ட பணத்தோடு நின்றுவிடும், வீட்டைத் தொட மாட்டார்கள், ஆனால் தனியாக ஜாமீன் கையெழுத்து எதுவும் யாருக்கும் போட்டுவிடக் கூடாது என்றேன். சற்று நேரம் யோசித்தார். வீட்டில் கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று கூறி, மிஷினுக்குக் கீழே கிடந்த துண்டுகளைக் கூட்டி அள்ளப் போய்விட்டார்.